வடக்கே ஒரு சத்தம்

வடக்கே எங்கோ ஒரு சத்தம் கேட்டது, நடந்துகொண்டிருந்த முனீஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. மாடி வீட்டில் யாரோ மூட்டையை இறக்கி வைத்த மாதிரி தொம் என்று ஒன்று, அதன் பின்னால் ஒரு சின்ன இழுவை. இழுவை இருந்ததா? இருந்தால் இடி. இல்லாவிட்டால் வெடி. வெடியாக இருந்தால் கவலையில்லை, கண்மாய்க்கு அந்தப்புறம் இருக்கிற ஆலையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரக்கில் ஒன்றிரண்டை எடுத்து வெடித்துப் பார்ப்பார்கள், தினமும் நடக்கிறதுதான். இடியாக இருந்தால் இந்தப் பட்டாசு ஆலையில் அத்தனை வேலையும் நிற்க வேண்டும், அறைகளில் மருந்தோடு உட்கார்ந்திருக்கிற அத்தனை பெண்களும் வெளியே வர வேண்டும், வானம் அடங்குகிற வரைக்கும் ஒருவரும் உள்ளே போகக் கூடாது. இடியா வெடியா என்று சொல்ல வேண்டியது போர்மேனின் பொறுப்பு. போர்மேன் யார் என்று பார்த்தால் அது தான்தான் என்பது முனீஸ்வரிக்கு அரை நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. மற்ற ஊர்களில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே இடி இடித்தால் இடி, கைப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். இந்தச் சிவகாசிச் சீமையில் தொட்டிலில் கிடக்கும்போதிருந்தே இரண்டும் கலந்துதான் காதில் விழுகிறது. சத்தம் கேட்டால் இங்கே ஒருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் புகை கிளம்புகிறது என்றுதான் பார்ப்பார்கள், அந்தப் பக்கத்து ஆலையில் நம் ஆள் யாராவது வேலை செய்கிறார்களா என்றுதான் மனசு ஓடும். அவளும் பழக்கத்தில் முதலில் புகையைத்தான் தேடினாள். புகை இல்லை. அப்பாடா என்று மூச்சை விட்டுவிட்டு, அதற்கப்புறம்தான் மேகத்தைப் பார்த்தாள். மேகம் இருந்தது. மேலே வெள்ளையாகத்தான் இருந்தது, அடியில் மட்டும் கொஞ்சம் அழுக்கு. புரட்டாசி மாசத்து மத்தியான மேகம், பெய்தாலும் பெய்யும், பெய்யாமல் சாத்தூர்ப் பக்கம் போனாலும் போகும்.

போர்மேன். பிளஸ் டூ பாஸ் பண்ணியவள் அந்த ஆலையில் அவள் ஒருத்திதான் என்று சின்ன முதலாளி அவளைப் போர்மேன் பரீட்சை எழுத அனுப்பியபோது, "சும்மா ஒரு பேருக்குத்தான்க்கா, ஆபீஸ்ல ரெண்டாவது சர்டிபிகேட் ஒண்ணு இருந்தா நல்லது" என்றுதான் சொன்னார். அவளும் பேருக்குத்தான் படித்தாள், பேருக்குத்தான் பாஸானாள். சான்றிதழை லேமினேஷன் செய்து முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினார்கள். ஞானகுரு அண்ணாச்சி போர்மேனாக இருந்தவரைக்கும் அந்தச் சுவரை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? காலண்டரையாவது கிழிக்கப் பார்ப்பார்கள். போன மாதம் வேறொரு பெரிய ஆலையில் கூப்பிட்டார்கள் என்று அண்ணாச்சி கும்பிடு போட்டுவிட்டுப் போனார். தீபாவளி நெருங்குகிற நேரத்தில் புது ஆளுக்கு எங்கே போவது? சின்ன முதலாளி சுவரைப் பார்த்தார். "பேப்பர்ல நீங்கதானக்கா இருக்கீங்க, பாத்துக்கோங்க." அதுதான் பதவியேற்பு விழா, மாலை மரியாதை எல்லாம். குருவி தலையில் பனங்காய் என்பார்கள், குருவிக்காவது பறந்து போகச் சிறகு இருக்கிறது. அதுவரைக்கும் மற்றப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து புஸ்வாணத்துக்கு மருந்து அடைத்துக்கொண்டு, ஊர் வம்பையெல்லாம் அதோடு சேர்த்து அடைத்துக்கொண்டு கிடந்தவள், கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அண்ணாச்சியின் விசிலைத்தான் முதலில் கொடுத்தார்கள், அவர் வாய் வைத்ததில் வாய் வைக்க மனம் வராமல் புதிதாக ஒன்று வாங்கினாள், பச்சைப் பிளாஸ்டிக், பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு வாங்குவார்களே அது. இப்போது அவள் அறை வாசலுக்கு வந்தால் உள்ளே பேச்சு நின்றுவிடுகிறது. அதுதான் எல்லாவற்றையும்விட வலித்தது. என்ன பேசிக்கொண்டிருந்தார்கள், தன்னைப் பற்றித்தானா, நாமும் இப்படித்தானே அண்ணாச்சி தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டு உதட்டைக் கடித்துச் சிரித்தோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு ஒரு வேலை சொல்வதற்கே நாக்குப் புரளவில்லை. அதனால் ஒரு தந்திரம் செய்தாள். எதைச் சொன்னாலும் அடுத்தவர் வாயில் வைத்துச் சொன்னாள். ஒரு ரூமுக்கு இத்தனை பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு முதலாளி சொல்றாக. சிந்துன மருந்த அப்பப்பக் கூட்டி அள்ளச் சொன்னாக. நைலான் சேல கட்டிட்டு வரக் கூடாதாம். எந்த முதலாளியும் எதையும் சொல்லவில்லை, அவர் பாட்டுக்கு ஆபீஸில் போனும் கையுமாக இருந்தார். பொறுப்பேற்ற நாளிலிருந்து தன் பெயரில் அவள் ஒரு உத்தரவும் போட்டது கிடையாது. இன்றைக்கு அந்தத் தந்திரமும் செல்லாது, சின்ன முதலாளி லைசென்ஸ் விஷயமாக மெட்ராஸ் கிளம்பிப் போனதைக் காலையில் கேட்டில் நின்று எல்லாரும்தான் பார்த்தார்கள்.

வேறு யாருக்காவது கேட்டதா என்று விசாரித்தால் என்ன? விசாரிப்பதில் தப்பில்லை. ஆனால் போர்மேன் போய் மற்றவர்களிடம் இது இடியா என்று கேட்பதா, அண்ணாச்சி கேட்பாரா, கேட்க மாட்டார், அவர் ஆம்பளை, அவருக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மீசை இருக்கிறது. இப்படி நினைத்துக்கொண்டே அவள் கால்கள் மருந்து அடைக்கும் அறைக்கு வந்துவிட்டன. அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும், உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்கட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொட்டாள். உள்ளங்கை ஈரம் தகட்டில் அச்சாகப் பதிந்தது, யாரும் பார்க்கிறதற்குள் முந்தானையால் துடைத்தாள். உள்ளே செல்லக்கனி குனிந்து அடைத்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி முனீஸ்வரியின் கணவனுக்கு அக்காள், முனீஸ்வரிக்கு மயினி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை முனீஸ்வரி வாயால் உச்சரித்தது கிடையாது, புருஷனின் அக்காளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற துணிச்சல் எந்த வீட்டு மருமகளுக்கு உண்டு? இந்த ஆலையில் அவளைச் சேர்த்துவிட்டதே மயினிதான். மயினியைவிட வேகமாக அடைக்கிற கை இங்கே கிடையாது. "மயினி, இப்ப ஒரு சத்தம் கேட்டுச்சா?" என்றாள். "எந்தச் சத்தம்?" என்றாள் செல்லக்கனி, கையும் நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை. "வடக்க. தொம்முன்னு." "கம்மாய்க்கு அங்கிட்டு சாம்பிள் போட்டிருப்பான். தெனமும் போடுறதுதான?" "மேகம் இருக்கு மயினி." "இருந்தா இருந்துட்டுப் போகுது. அதுவும் என்ன கூலிக்கா வந்திருக்கு?" பக்கத்தில் இருந்த சண்முகத்தாய்க்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. போர்மேனம்மா, போயி நெழல்ல ஒக்காருங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், முனீஸ்வரியும் சிரித்தாள், சிரிக்காமல் போனால் கோபித்துக்கொண்டாள் என்று ஆகிவிடும். செல்லக்கனி மட்டும் அப்போது நிமிர்ந்தாள். "ஏத்தா முனீசு, சும்மா இரி. தீவாளிக்குள்ள அடைக்கிறதுதான் காசு. தையில எம்புள்ளைக்குக் கல்யாணம். பாதி நாள்ல எந்திரிச்சுப் போகச் சொல்லிராத, சொல்லிட்டேன்." எத்தனை அடைத்தாளோ அத்தனைக்குத்தான் கூலி என்கிற இடத்தில் பாதி நாள் என்பது எல்லாருக்கும் பாதி நாள். அதை மயினி சொல்லித்தான் முனீஸ்வரி தெரிந்துகொள்ள வேண்டுமா, அவளும் இதே தரையில் இதே கணக்கில் இடுப்பொடிய உட்கார்ந்தவள்தானே. "நான் எங்க மயினி சொன்னேன், சத்தம் கேட்டுச்சான்னுதான கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வந்ததும் ஒன்றுக்கு முட்டியது. சாப்பிட்ட கையோடுதான் போய்விட்டு வந்தாள், அதற்குள் என்ன? அப்போதுதான் அவளுக்கு ஞானகுரு அண்ணாச்சியின் நினைவு வந்தது, வந்த வேகத்தில் நடு வழியில் நின்றுவிட்டாள். வானம் லேசாகக் கறுத்தால் போதும், அண்ணாச்சி ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் போவார். வருவார். மறுபடியும் போவார். "அண்ணாச்சிக்குச் சக்கர வியாதி முத்திருச்சு" என்று சண்முகத்தாய் சொல்வாள், "மேகத்தப் பாத்தா அவருக்கும் மழ வந்துரும்" என்று முனீஸ்வரியே ஒரு தடவை சொல்லி அறையே சிரித்துப் புரண்டிருக்கிறது. சர்க்கரையாவது வியாதியாவது. மனுஷன் பயந்திருக்கிறார். அத்தனை வருஷமும், அந்த மீசையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மேகத்துக்கும் பயந்திருக்கிறார். இது தெரிந்ததும் ஒரு நொடி ஆறுதலாக இருந்தது, அவருக்கே அப்படியென்றால் நமக்கென்ன வெட்கம் என்று. அடுத்த நொடி அது போய் முன்னைவிடப் பெரிய பயம் வந்தது. இதுவரைக்கும் அவள் நம்பிக்கொண்டிருந்தது, போர்மேன் ஆகிற ஆளுக்கு ஏதோ ஒன்று தெரியும், தனக்கு அது இன்னும் தெரியவில்லை, நாள்பட நாள்பட வந்துவிடும் என்று. அண்ணாச்சிக்கு அது கடைசிவரை வரவே இல்லையென்றால்? மேகத்தைப் பார்த்து மோந்து பார்க்கிற மாதிரி மூக்கைச் சுருக்குவாரே, அது வெறும் மூக்குச்சுருக்கல்தானா? அவர் விசில் ஊதி வெளியே கூப்பிட்ட நாட்களும் உண்டு, ஊதாமல் விட்ட நாட்களும் உண்டு, ஊதாமல் விட்ட நாளில் மின்னல் வேறெங்கோ போய் விழுந்தது, அவ்வளவுதான் அவர் கெட்டிக்காரத்தனம். அந்த நாட்களில் தாங்கள் எல்லாரும் அந்த அறைக்குள் காலை நீட்டிக்கொண்டு சீரியல் கதை பேசியது நினைவுக்கு வந்தது. வெளியே ஒரு மனுஷன் ஒன்றும் தெரியாமல் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார், அவர் தைரியத்தில் இவர்கள் உள்ளே சிரித்திருக்கிறார்கள்.

மேகத்தின் அடியில் இருந்த அழுக்கு இப்போது கூடியிருந்ததா, தான் பார்த்துப் பார்த்துக் கூடினதா என்று தெரியவில்லை. காற்று நின்றிருந்தது. காய வைக்கிற மேடையில் மணி மருந்து தட்டுத் தட்டாக வெயிலில் கிடந்தது, வானத்தில் போய் வெடிக்கிறபோது பச்சையும் சிவப்புமாகப் பூக்கிறதே அதெல்லாம் இங்கே மிளகு மாதிரி கறுப்பாக, ஒன்றும் தெரியாத மாதிரி கிடக்கும். அந்தத் தட்டுகளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், பார்த்தாள். வேலுத்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், கணக்கு வராது, பாட்டு வரும், வேறொரு ஆலைக்கு வேலைக்குப் போனாள். மின்னல் தாக்கித்தான் செத்தாள் என்று இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். மின்னலும் இல்லை கின்னலும் இல்லை. மழை வந்தது, ஓடினாள், அவ்வளவுதான். மாடியில் வற்றல் காய்ந்தால், கொடியில் துணி காய்ந்தால், தூறல் விழுந்ததும் பொம்பளைகள் என்ன செய்வார்கள்? யோசித்தா ஓடுகிறோம், கால் தானாக ஓடுகிறது. வேலுத்தாயும் அப்படித்தான் மேடைக்கு ஓடி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள், நனையாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று. வழுக்கியதா, தட்டும் தட்டும் உரசியதா, பார்த்தவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. போர்மேன் கேட்டுப் பக்கம் இருந்தாராம், விட்டுட்டு வாங்கம்மா என்று கத்தினாராம், கத்தியது வெடிச் சத்தத்துக்கு முன்னாலா பின்னாலா என்று ஊரில் இன்னும் இரண்டு கட்சியாகப் பேசுகிறார்கள். அந்தப் போர்மேன் அப்புறம் எந்த ஆலைக்கும் போகவில்லை, பஸ் ஸ்டாண்டு பக்கம் கரும்புச்சாறு பிழிகிறார். முனீஸ்வரி ஒரு தடவை அங்கே சாறு குடித்திருக்கிறாள், காசு கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வேலுத்தாய் போன அன்றைக்கு இங்கே தாங்கள் புகையைப் பார்த்துவிட்டு யார் யார் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, வேலுத்தாயின் பெயரைச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். முனீஸ்வரியும்தான் மறந்தாள். அதை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை.

கேட்டுக்குப் போய்ச் சின்ன முதலாளிக்குப் போன் போட்டால் என்ன என்று தோன்றியது, செல்போனையெல்லாம் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். போன் போட்டால் என்ன சொல்வார்? அவர் குரலே காதில் கேட்டது. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அப்பிடிச் செய்ங்கக்கா." பெரிய மனசோடு சொல்வார், சொல்லிவிட்டு வைத்துவிடுவார், ஏதாவது ஆகிப் போனால் நான் அவங்களை நம்பித்தான் விட்டேன் என்பார், அதுவும் பொய்யில்லை. இப்படிச் செய்தால் என்ன, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சத்தம் வருகிறதா என்று பார்த்தால்? ரெண்டாவது சத்தம் வந்தால் இடிதான் என்று தெரிந்துவிடும். ரெண்டாவது இடிக்காகக் காத்திருந்து, அது இங்கேயே வந்து விழுந்தால்? அப்படியானால் ஊதிவிடு. ஊதி, எல்லாரும் வெளியே வந்து, மேகம் கலைந்து சுள்ளென்று வெயிலடித்தால்? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது போலாகும், வேன் ஏறுகிறபோது சண்முகத்தாய் ஆரம்பிப்பாள், வீட்டில் மயினி தன் தம்பியிடம் முடிப்பாள், அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கெதுக்கு இந்த வேல, பேசாம உள்ளயே ஒக்காந்து அடைக்க வேண்டியதுதான?" என்பார். அது வெட்கம். ஊதாமல் விட்டால் ஒன்றும் ஆகாமலும் போகலாம், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை ஒன்றும் ஆகாது. ஆகிவிட்டால் வெட்கப்பட ஆள் இருக்காது. அவளைக் கொன்றுகொண்டிருந்தது இதுதான், ஊதினால் தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், ஊதியது சரி என்று மட்டும் எந்தக் காலத்திலும் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. நடக்காமல் போனதை எப்படி எடுத்துக் காட்டுவது? அந்த நேரத்தில் வெளிச்சம் மங்கியது. மேகம் சூரியனுக்குக் குறுக்கே வந்ததும் மேடையில் இருந்த தட்டுகளின் நிழல் இல்லாமல் போனது, வேப்ப மரத்தில் ஒரு காற்றுப் புகுந்து வெளியே வந்தது, காற்றில் மண் வாசனை இருந்தது. எங்கேயோ பெய்கிறது. வடக்கே ஏதோ உருண்டது, ஒருவேளை குவாரி லாரியாக இருக்கலாம். முனீஸ்வரி விசிலை வாயில் வைத்தாள், வாயில் காற்றே இல்லை. முதல் ஊதலில் புஸ் என்று வெறும் எச்சில்தான் வந்தது. ரெண்டாவது ஊதலில் கீச்சென்று கோழிக்குஞ்சு கத்தினதுபோல் ஒரு சத்தம். மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சிலிருந்து இழுத்து நீளமாக ஊதினாள், ஊதினாள், மூச்சு முடிந்தும் விசிலை வாயிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

கதவுகளில் தலைகள் தெரிந்தன. ஒருவரும் வெளியே வரவில்லை. "என்னத்தா, அதுக்குள்ள காப்பிக்கா?" என்று ஒரு குரல். "எல்லாரும் வெளிய வாங்க. இருக்கத இருக்கபடி வச்சிட்டுக் கொட்டகைக்குப் போங்க" என்றாள். தன் குரல் இவ்வளவு மெல்லிசு என்று அவளுக்கு இதுநாள்வரை தெரியாது. "யாரு சொன்னா?" என்றாள் சண்முகத்தாய். "முதலாளி..." என்று வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. "அவுக காரு காலையிலயே போயிருச்சே தாயி, வானத்துல இருந்தா சொன்னாக?" யாரோ சிரித்தார்கள். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது முனீஸ்வரிக்கு. "நாந்தான் சொல்றேன்" என்றாள். அதைச் சொன்னபோது வீரம் கீரம் ஒன்றும் அவளுக்கு வரவில்லை, சேலை அவிழ்ந்த மாதிரிதான் இருந்தது. "நான் சொல்றேன். எந்திரிச்சு வாங்க." முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டே, ஒருத்தி பாதி அடைத்த புஸ்வாணத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே. முதல் துளி முனீஸ்வரியின் மூக்கின் மேல் விழுந்தது. ரெண்டாவது எங்கே விழுந்தது என்று அவள் கவனிக்கவில்லை, ஏனென்றால் கூட்டத்திலிருந்து ஒரு உருவம் பிரிந்து மேடைக்கு ஓடியது. மயினி. "ஐயய்யோ சரக்கு" என்று மட்டும் சொல்லிக்கொண்டே ஓடினாள், தட்டின் மேல் தட்டு வைத்தாள், அதன் மேல் இன்னொன்று வைத்தாள், தூக்கினாள். "செல்லக்கனி!" என்று முனீஸ்வரி கத்தினாள். அத்தனை பேரும் திரும்பினார்கள், கேட்ட பேருக்கும் அதைச் சொன்ன வாய்க்கும். செல்லக்கனி தட்டுகளோடு நின்று, நம்ப முடியாமல் பார்த்தாள். கத்தியிருக்கக் கூடாது. திடுக்கிட்டுக் கை நழுவியிருந்தால்? முனீஸ்வரியின் குரல் தானாக இறங்கியது, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற குரல். "செல்லக்கனி. அங்கனயே நில்லு. ஓடாத. அப்பிடியே குனி, மெதுவா. மேடையில வை. ஒண்ணையும் இழுக்காத, உரசாத, இருக்கபடி வை. நனைஞ்சா நனையட்டும். கைய எடு. இப்ப நடந்து வா." மயினி குனிந்தாள், வைத்தாள், கையை எடுத்தாள், நடந்து வந்தாள். முனீஸ்வரியைத் தாண்டி நேராகக் கொட்டகைக்குப் போனாள்.

கேட்டுப் பக்கத்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லாரும் ஒதுங்கினார்கள். மழை சடசடவென்று பெய்தது, ஒரு காப்பி குடிக்கிற நேரம்கூட இருக்காது, பெய்தது, நின்றது. மின்னல் வந்ததா என்றால் வரவில்லை. இடி இடித்ததா என்றால் இடிக்கவில்லை. முனீஸ்வரி கொட்டகை ஓரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், ஒரு மின்னலாவது வரட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தாள், தூரத்தில், யாருக்கும் கெடுதல் இல்லாமல், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஒரே ஒரு மின்னல், முனியசாமி, உனக்குப் பொங்கல் வைக்கிறேன். சாமிக்கும் வேறு வேலை இருந்திருக்கும். மேகம் சாத்தூர்ப் பக்கம் நகர்ந்தது, வெயில் வந்தது, மழைக்கு முன்னால் இருந்ததைவிடப் பளிச்சென்று வந்தது. "தட்டெல்லாம் தொப்பலாயிருச்சு" என்றாள் ஒருத்தி. "சின்ன முதலாளி வந்து பாத்தா யாருக்கு இருக்கு?" என்றாள் இன்னொருத்தி. "நமக்கென்ன, நாமளா சொன்னோம்?" என்றாள் சண்முகத்தாய், மெதுவாகத்தான் சொன்னாள், கேட்கிற மாதிரி மெதுவாக. அத்தனை மணி மருந்தும் போச்சு, இனி அதைக் காய வைத்து எடுக்க முடியாது, மொத்தத்தையும் அழிக்கத்தான் வேண்டும். அழிக்கத்தான் வேண்டும் என்று நினைத்தபோதுதான் பரீட்சைக்குப் படித்த ஒரு வரி தண்ணீருக்குள்ளிருந்து வருவது மாதிரி மேலே வந்தது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்து நனைந்தால் தானாகச் சூடேறும். எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறாள். எவ்வளவு நேரத்தில் சூடேறும், சூடேறினால் தீப்பிடிக்குமா பிடிக்காதா, அதன் மேல் வெயில் விழுந்தால் என்ன ஆகும், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும்? அதெல்லாமும் படித்தாளோ, அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டாளோ, எவ்வளவு துழாவியும் அந்த ஒரு வரிக்கு மேல் வரவில்லை. மேடையில் தட்டுகள் ஈரத்தில் மின்னிக்கொண்டு சாதுவாகக் கிடந்தன. அறைகள் மேடைக்கு அடுத்துத்தான் இருக்கின்றன.

செல்லக்கனிதான் முதலில் எழுந்தாள். சேலையை உதறிச் செருகிக்கொண்டு நேராக முனீஸ்வரிக்கு முன்னால் வந்து நின்றாள். பேர் சொன்னதற்கு இப்போது கிடைக்கும் என்று முனீஸ்வரி மனசைக் கெட்டிப்படுத்திக்கொண்டாள், நாலு பேர் முன்னால் கிழிக்கட்டும், வீட்டில் போய்க் கிழிப்பதைவிட அது மேல். மயினியின் கைகளைப் பார்த்தாள். தட்டைத் தூக்கிய கைகள், அவற்றை இப்போதும் முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இப்பப் போலாமா?" என்றாள் செல்லக்கனி. அதில் கேலி இல்லை. போர்மேனம்மா என்கிற நெளிப்பு இல்லை. வெறுமனே கேட்டாள், பதில் தெரிந்த ஆளிடம் கேட்பது மாதிரி. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்து நின்றார்கள், சண்முகத்தாய்கூட, எல்லா முகங்களும் முனீஸ்வரி பக்கம் திரும்பியிருந்தன. இத்தனை நாளும் தன் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. போங்க என்றால் இவர்கள் போய்விடுவார்கள். இடி எது வெடி எது என்று தெரியாத வாய், பாதிப் பரீட்சையை மறந்துபோன தலை, இதிலிருந்து போங்க என்று ஒரு சொல் வந்தால் போதும், மயினியும் சண்முகத்தாயும் மற்ற எல்லாரும் அந்த மேடையைத் தாண்டி நடந்து போய் அந்த அறைகளுக்குள் குனிந்து உட்கார்ந்துகொள்வார்கள். உட்கார்ந்து, வெளியே ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்று சிரித்துப் பேசுவார்கள். முனீஸ்வரி கொட்டகைத் தூணில் கையை ஊன்றிக்கொண்டாள். "இல்ல. இன்னும் கொஞ்ச நேரம் இருங்க" என்றாள். சரி என்று எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஏன் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.